வளர்ச்சி என்னும் சொல்லும் விழித்திரை நோயும்



பெக்கான் நானாஸில் நின்று பேசுகிறவன் அன்னாசியைக் குறிப்பிடாமல் தொடங்க இயலாது. இவ்வூரின் பெயரிலேயே அப்பழம் இருக்கிறது. 'நானாஸ்' என்னும் மலாய்ச் சொல்லும் 'அன்னாசி' என்னும் நம் சொல்லும் உடன்பிறந்தவை. தென்னமெரிக்கத் தூப்பி மக்கள் 'நனா' என்று வழங்கிய பெயரைப் போர்த்துகீசியர் 'அனனாஸ்' என எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய கப்பல்களில் பழமும் பெயரும் சேர்ந்தே கிழக்கு நோக்கி வந்தன. பொருளும் பெயரும் கைகோத்து வரும்போது குழப்பம் நேர்வதில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னால் எவர்க்கும் விளங்கும்.

மருத்துவத்தில் நிலைமை வேறு. உடலினுள் நிகழும் ஒன்றை நோயாளி காண்பதில்லை. பெயரை மட்டுமே கேட்கிறார். அப்பெயர் ஆங்கிலத்தில் எண்ணப்பட்டு, மலாயில் சொல்லப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு அவர் காதுக்கு வருகிறது. அந்த மூன்றாம் படியில் ஒரு சொல் சறுக்கினால் ஒரு கண் போகக்கூடும். இன்றைய என் உரை அத்தகைய ஒரு சறுக்கலைப் பற்றியது.

ஒரு சொல்லும் ஒரு கண்ணும்

என் தமக்கையார் இவ்வூர்க்காரர். தோட்டத்தில் வளர்ந்தவர், நாற்பது வயதுக்குள்ளாகவே அவருக்கு நீரிழிவு வந்துவிட்டது. மருந்தை ஓரளவு ஒழுங்காக உட்கொண்டார். கண் நன்றாகவே தெரிந்தது. ஊசியில் நூல் கோப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் அவர் கண்ணைச் சோதித்த மருத்துவர் மலாயில் ஏதோ விளக்கினார். அருகில் நின்ற தமிழ்ப் பெண் உதவியாளர், நல்லெண்ணத்தோடு, அதைத் தமிழில் சொன்னார்: "அம்மா, கண்ணுக்குள்ள புதுசா ரத்தக் குழாய் வளருது. லேசர் வைக்கணுமாம். தேதி குடுத்திருக்காங்க, மறக்காம வந்துருங்க."

அன்று மாலை அக்காள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கண்ணுல புது ரத்தக் குழாய் வளருதாம். கண்ணு தானா தேறி வருது போல." தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற தம்பி என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது அக்கா" என்றேன்.

குறித்த நாளில் அவர் செல்லவில்லை. வீட்டில் ஒரு மங்கல நிகழ்ச்சி இருந்தது. அது மட்டும் காரணமன்று, பின்னர் அவரே என்னிடம் சொன்னார்: "வளர்றதைப் போய் எதுக்குச் சுட்டுக் கெடுக்கணும்னு நெனச்சேன்." நான்கு மாதங்கள் கழித்து ஒரு காலைப்பொழுதில், கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தவருக்கு வலக்கண்ணில் மை கொட்டியதுபோல் கரிய இழைகள் மிதந்தன. நண்பகலுக்குள் செந்நிறத் திரை விழுந்தது. வலி சிறிதும் இல்லை. அறுவை செய்தும் அக்கண்ணில் இன்று நிழலாட்டம் மட்டுமே தெரிகிறது. இடக்கண்ணுக்கு உரிய காலத்தில் லேசர் செய்ததால் அதைக்கொண்டு நாளேடு படிக்கிறார்.

உதவியாளர் பொய் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்தார். அக்காளும் அறியாமையால் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழறிந்த எவரும் அவ்வாறுதான் புரிந்துகொள்வர். நானும் அவ்வாறே புரிந்துகொண்டேன். பிழை எங்கே இருந்தது என்று தேடிய தேடல்தான் இவ்வுரை.

கண்ணுக்குள் நடப்பது

முதலில் பொருளை அறிவோம். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. உடலின் திசுக்களுள் உயிர்வளியை மிகுதியாகச் செலவிடுவனவற்றுள் அதுவும் ஒன்று. அதற்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்பவை மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள்.

குருதியில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்தே இருந்தால் அந்நுண்குழாய்களின் சுவர் கெடுகிறது. சுவரைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் மடிகின்றன. சில இடங்களில் சுவர் குமிழ்போல் புடைக்கிறது; சில இடங்களில் கசிகிறது. நாளடைவில் சில குழாய்கள் முற்றிலும் அடைபட்டுப்போகின்றன. அடைபட்ட பகுதியிலுள்ள விழித்திரை மூச்சுத் திணறுகிறது. திணறும் திசு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. 'இங்கே குருதி வரவில்லை, குழாய் அனுப்புக' என்னும் விண்ணப்பம் அது. அதற்கு விடையாகப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன.

இதுவரை கேட்டால் உடல் தன்னைத் தானே பழுதுபார்ப்பதாகத்தான் தோன்றும். தீங்கு இனிமேல்தான் இருக்கிறது. அக்குழாய்கள் வேண்டிய இடத்தில் முளைப்பதில்லை. விழித்திரையின் மேற்பரப்பிலும், பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தின் மீதும் முளைத்து, கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழ்மத்தை நோக்கிப் படர்கின்றன. பசித்த திசுவுக்கு அவற்றால் பயனில்லை. அவற்றின் சுவரோ மிக நொய்மையானது. கூழ்மம் சற்று அசைந்து இழுத்தாலும் அவை கிழிந்து குருதி கொட்டும். என் தமக்கையார் கண்ட கரிய இழைகள் அக்குருதியே. இன்னும் சிலருக்குக் குழாய்களோடு நார்த்திசுவும் வளர்ந்து, தழும்புபோல் சுருங்கி, விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்தெடுக்கும். வேறு சிலருக்குக் கருவிழித் திரையிலும் குழாய்கள் முளைத்து, கண்ணீர்மம் வடியும் வழியை அடைத்து, கண்ணழுத்தத்தைக் கடுமையாக உயர்த்திவிடும்.

இவையெல்லாம் தொடங்கும்போது வலி இல்லை. பார்வைக் குறைவும் இல்லை. குருதி கொட்டும் நாள் வரையிலும் ஊசியில் நூல் கோக்கலாம். ஆகவே இந்நோயில் எச்சரிக்கை கண்ணிலிருந்து வராது. அது சொல்லிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அறிவு வந்த வழி

உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர் காண வழி செய்தவர் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் தம் கண்நோக்கியை 1851-இல் உலகிற்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே நீரிழிவால் விழித்திரையில் உண்டாகும் மாற்றங்கள் எழுத்தில் பதிவாயின. ஆனால் குழாய்கள் ஏன் முளைக்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1948-இல் ஐசக் மைக்கேல்சன் என்னும் கண் மருத்துவர், விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை வளரத் தூண்டுகிறது என்று கருதினார். 1971-இல் ஜூடா ஃபோக்மன், புற்றுக் கட்டிகள் தமக்கு வேண்டிய குருதியை அவ்வாறே வரவழைத்துக்கொள்கின்றன என்னும் கருத்தை முன்வைத்தபோது பலரும் ஐயுற்றனர். 1989-இல் நெப்போலியோனே ஃபெராராவும் அவருடைய குழுவினரும் அப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர். 1994-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், புதுக்குழாய்கள் முனைந்து வளரும் கண்களின் நீர்மத்தில் அப்பொருள் மிகுந்திருப்பதையும், லேசர் சிகிச்சைக்குப் பின் அது குறைவதையும் கண்டறிந்தனர்.

சிகிச்சையின் கதை இன்னும் சுவையானது. 1945-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ஒரு சூரிய கிரகணம் நேர்ந்தது. வெறுங்கண்ணால் அதைப் பார்த்த ஒருவரின் விழித்திரையில் ஏற்பட்ட தீத்தழும்பைச் செருமானிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத் ஆராய்ந்தார். ஒளி சுடுமென்றால் அளவோடு சுட்டு நோயை நிறுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. கூரைமேல் கண்ணாடிகளை நிறுத்திச் சூரிய ஒளியையே அறைக்குள் திருப்பி அவர் சிகிச்சை செய்து பார்த்தார். பின்னர் செனான் விளக்கும், அதன்பின் லேசரும் வந்தன.

லேசர் என்ன செய்கிறது? விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகளை இடுகிறது. அதனால் திணறும் திசுவின் பரப்புக் குறைகிறது, விண்ணப்பம் ஓய்கிறது, புதுக்குழாய்கள் வாடுகின்றன. நடுப் பார்வையைக் காப்பதற்காக ஓரப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் சிறிது இழக்க நேரிடலாம். இதையும் நோயாளிக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு லேசர் செய்து மறு கண்ணை அவ்வாறே விட்டுப் பார்த்தனர். கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைந்தது 1976-இல் தெளிவாயிற்று. எஞ்சிய கண்களுக்கும் சிகிச்சை அளிக்க வழிவிடப்பட்டது. இக்காலத்தில் அந்தத் தூண்டுபொருளையே அடக்கும் ஊசிமருந்தும் உண்டு. கொட்டிய குருதியையும் தழும்பையும் அகற்றும் அறுவை முறையை 1970-இல் ராபர்ட் மாகெமர் தொடங்கிவைத்தார்.

இது நம்மவர் சிக்கல்

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்னும் நிலையை நெருங்கிவிட்டோம். அவ்வாய்வில் நாடு முழுவதும் நீரிழிவு கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். சென்னையில் நடந்த இரு பெரும் ஆய்வுகளில், நீரிழிவுள்ளோரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நிலையில் விழித்திரை நோய் காணப்பட்டது. எல்லாருக்கும் புதுக்குழாய் முளைத்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று. பலர் தொடக்க நிலையில் இருப்பவர்கள். தடுப்பதற்கு உரிய காலமும் அதுவே.

தமிழகத்தில் இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தனர். 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978-இல் சென்னையில் விழித்திரை அறுவை வல்லுநர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் இன்று உலகறிந்த நிலையங்கள். விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கக் கணினிக்குப் பயிற்சியளித்து 2016-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில் இவ்விரு மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. நம் நாட்டிலும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் விழித்திரையைப் படமெடுக்கும் வசதி இருக்கிறது. கருவி வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது. கிளினிக்கின் இருக்கைக்கும் நோயாளியின் காதுக்கும் இடையே உள்ள ஒரு முழத் தொலைவுதான் இன்னும் கடக்கப்படவில்லை. அந்த ஒரு முழம் மொழியினுடையது.

சொல்லின் வழக்கு

இந்நோயின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழர் வீட்டில் இதை 'இனிப்பு நீர்' என்பர். மலாயில் 'கென்சிங் மானிஸ்' என்பதும் அதே பொருள். வடமொழியின் 'மதுமேகம்' என்பதிலும் தேனின் இனிமை இருக்கிறது. 'நீரிழிவு' என்னும் சொல்லில் மட்டும் இழிதல் இருக்கிறது; இறங்கி ஒழுகிப் போதல் என்பது அதன் பொருள். நோயின் சுவையைச் சொல்லும் பெயர்கள் மூன்று. நோயின் செயலைச் சொல்லும் பெயர் ஒன்று. கேட்கும்போதே சற்று அச்சம் தருவது எது என்பதை உங்கள் செவிக்கே விட்டுவிடுகிறேன்.

இனி 'வளர்ச்சி'. தமிழில் வளர்தல், முளைத்தல், தளிர்த்தல், பெருகுதல், புதிதாதல் ஆகிய யாவும் நற்சொற்கள். பிள்ளை வளர்கிறது, பயிர் முளைக்கிறது, செல்வம் பெருகுகிறது என்கிறோம். 'புது' என்னும் அடையோ புதுமனை, புதுநெல், புத்தாண்டு என மங்கலத்தின் வாசலிலேயே நிற்பது. 'புதிய இரத்தக் குழாய் வளர்கிறது' என்னும் தொடரில் மூன்று நற்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. 'புதிய' நல்லது, 'இரத்தம்' உயிர், 'வளர்கிறது' இன்பம். இத்தொடரைக் கேட்டு ஒரு தமிழர் அஞ்ச வேண்டுமென்றால் அவர் தம் மொழியை மறந்திருக்க வேண்டும்.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்ததை மாணவர்கள் அறிவீர்கள். ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல. தீயதை நன்மொழியால் குறிப்பது மங்கலம். கண் மருத்துவர்க்குப் 'புதுக்குழாய்' என்பது குழூஉக்குறி. அவர்கள் தமக்குள் அதைச் சொல்லும்போதே ஆபத்து என்னும் பொருள் உடன் வருகிறது. அதே சொல் குழுவைவிட்டு வெளியேறி நோயாளியின் காதில் விழும்போது, எவரும் எண்ணாமலேயே மங்கலமாகிவிடுகிறது. நான் தேடிய பிழை இதுதான். சொல் மாறவில்லை, அதன் வழக்கு மாறிவிட்டது. சொல்லைப் பெயர்த்தவர் வழக்கைப் பெயர்க்கவில்லை.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பார்க்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் தமிழாக்கினார். வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். சொல் கிடைத்தால் ஆக்கினார். கிடைக்காவிட்டால் கடன் வாங்கி அதற்குத் தமிழ் ஈறு கொடுத்தார். அவர் காட்டிய வழி நமக்கும் உண்டு.

நூலுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும். அதில் 'நோய்' என்னும் சொல் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. 'விழித்திரைப் புதுக்குழாய் நோய்' என்று வைத்துக்கொள்ளலாம். இதனினும் சிறந்தது கிடைத்தால் மகிழ்வேன். ஆனால் கிளினிக்கின் இருக்கைக்குக் கலைச்சொல் போதாது. அங்கே உவமை வேண்டும். என் தமக்கையாருக்குப் பின்னாளில் நான் விளக்கியது இவ்வாறு: "அக்கா, தோட்டத்துல வெட்ட வெளியா கெடந்த நெலத்துல லாலாங் புல்லு மொளைக்கும்ல, அந்த மாதிரி. அதுவும் வளர்ச்சிதான். ஆனா அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட மாட்டாங்கல்ல?" அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மாணவர்க்கு ஒரு பணி

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் உங்கள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளர்கள். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதை நீங்கள்தான் தமிழில் சொல்கிறீர்கள். எந்தத் தேர்வும் அளக்காத இம்மொழித்திறனில் ஒருவரின் பார்வை அடங்கியிருக்கிறது. ஆகவே மூன்றை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: சொல்லைப் பெயர்த்தபின், 'இது நல்லதா, கெட்டதா?' என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த விடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பதற்கு நாண வேண்டா.

இரண்டு: சொன்னதைப் பாட்டி எவ்வாறு புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். நான் அன்று தொலைபேசியில் செய்யத் தவறியது இதுவே. அவர் திருப்பிச் சொன்னார், நான் தலையாட்டினேன்.

மூன்று: நீரிழிவு உள்ளவர்க்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும், நோய் கண்டறியப்பட்டவுடனும் அதன்பின் மருத்துவர் குறித்த கால இடைவெளியிலும் விழித்திரைச் சோதனை வேண்டும் என்று வீட்டில் சொல்லுங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் இந்நோயின் வேகம் குறையும் என்பது 1990-களிலேயே பெரிய ஆய்வுகளால் உறுதிப்பட்டுவிட்டது. கண்ணில் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்புப் பாடத்தில் கதையும் கட்டுரையும் தருகிறோம். ஒருமுறை மருந்துச் சீட்டையும் கிளினிக்கின் அறிவிப்பையும் தந்து பாருங்கள். 'நல்ல தமிழ்' என்பதற்கு நாம் பல இலக்கணங்கள் கூறியிருக்கிறோம். கேட்டவர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்பதும் அதற்கு ஓர் இலக்கணம் என்று முதுமையில் கற்றுக்கொண்டேன். அதைக் கற்பித்தவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அக்காள். இன்று இந்த அவையில் முன்வரிசையில், ஒரு கண்ணோடு, அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.